வெல்கோட் வம்சத்தில் ஒரு பிண்டம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இங்கிலாந்தின் கிழக்குச் சீமையில் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நிலபுலன்களோடு கொழித்து, பின் வாரிசில்லாமல் அற்றுப்போன வெல்கோட் பிரபு வம்சத்தின் ஒரே சரித்திர ஆசிரியர், புதுப்பட்டினம் ஸ்ரீனிவாசராகவன், காலமாகிவிட்டார். அந்தப் பதவியை அவருக்கு எவரும் வழங்கவில்லை. அணு ஆராய்ச்சி நிலையத்தில் வால்வுகளைக் கவனித்து ஓய்வுபெற்றதும், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அவரே எடுத்துக்கொண்டார்.

"அப்பாவோட கொள்ளுத்தாத்தா பேர் சொல்லுங்கோ," என்றார் வாத்தியார்.

பன்னிரண்டாம் நாள் காரியம். மகன் ஹர்ஷவர்தன் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் பெயரால் நீளமாகப் பிடித்த பிண்டத்தை மூன்றாக அறுத்து, அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பிண்டங்களோடு பிசைய வேண்டும். அப்போதுதான் அவர் பிரேதம் என்ற நிலை நீங்கி முன்னோர்களோடு சேர்வார். சேராவிட்டால் என்ன ஆகும் என்று நேற்றே கேட்டிருந்தான்.

"அப்படியே நின்னுண்டிருப்பார்," என்று சொல்லிவிட்டு வாத்தியார் மோர் கேட்டார்.

அதிலிருந்து அவனுக்கு உறக்கம் போயிற்று. பெங்களூர் அலுவலகத்தில் பேய், பிசாசு, ஜாதகம் எல்லாவற்றையும் கிண்டலடித்தவன்தான். ஆனால் அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே உயிர்விட்ட சுழல் நாற்காலி, மின்விசிறிக் காற்றில் இம்மி இம்மியாகத் திரும்பிக்கொண்டிருந்ததைப் பெங்களூரில் யாரும் பார்க்கவில்லை. அதை ஓரமாகத் தள்ளிவைக்கக்கூட வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

அப்பாவின் அப்பா பார்த்தசாரதி. தாத்தா ராஜகோபாலன். அதற்கு மேலே இருட்டு. குடும்பத்து வாட்ஸப் குழுவில் கேட்டதற்கு, கைகூப்பும் படங்கள் முப்பது வந்தன, பெயர் வரவில்லை. வழக்கமான வாத்தியார் பிள்ளையோடு அமெரிக்கா போய்விட்டார். இவர் செங்கல்பட்டிலிருந்து வந்த புதியவர். அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தால், வெல்கோட் வம்சம் எந்தப் பண்ணையை எந்த மருமகனுக்குச் சீதனமாகக் கொடுத்தது, எந்த மில்லுக்காக எந்தப் பாதிரியோடு வழக்காடியது என்பதெல்லாம் இருந்தது. தினமும் இரவுச் சாப்பாட்டில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே அதைத்தான் ஓதுவார். ராபர்ட்டுக்கு வில்லியம், வில்லியமுக்கு ஹியூ.

"சொல்லுங்கோ, நாழியாறது."

"ஹியூ," என்றது ஹர்ஷாவின் வாய்.

வாத்தியார் இமைக்கவில்லை. "பாரத்வாஜ கோத்ரம், ஹியூ சர்மாணம்," என்று கணீரென்று சொல்லி, மூன்றாவது உருண்டையை அவன் பக்கம் நகர்த்தினார். பிசை என்றார். அவன் பிசைந்தான். விரல்களுக்கு நடுவே அப்பாவில் மூன்றில் ஒரு பங்கு வெல்கோட் பிரபுவோடு எள்ளும் சோறுமாகக் கலந்தது.

பிண்டங்களைக் கரைக்கக் கடற்கரைக்கு ஆட்டோவில் போனார்கள். ஓட்டிய லட்சுமணன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?" என்றான். ஹர்ஷாவின் கண்ணுக்குள் அப்பா, எங்கோ பனி கொட்டும் ஊரில், பூட்டிய பெரிய இரும்புக் கேட்டுக்கு வெளியே, வேட்டியும் பனியனுமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருப்பவர்களின் வம்சாவளி அத்தனையும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். அவரைத்தான் உள்ளே யாருக்கும் தெரியாது.

முதல் இரண்டு உருண்டைகள் கையை விட்டதும் கரைந்தன. மூன்றாவதை அலை திருப்பிக் கொண்டுவந்து அவன் கால் விரலில் மோதியது. அவன் அலறாமல் இருந்ததற்கு ஒரே காரணம் குரல் வராததுதான். "இன்னும் கொஞ்சம் உள்ள போங்கோ," என்றார் வாத்தியார், கைப்பேசியைப் பார்த்தபடி.

வீடு திரும்பியதும் நேராக அம்மாவிடம் போனான். ரங்கநாயகி உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் சரிந்து, எல்லாவற்றையும் கொட்டினான். திரும்பவும் செய்யச் சொல்லலாமா, சரியான பெயர் அவளுக்காவது தெரியுமா என்று கேட்டான்.

அவள் அவன் வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"உங்கப்பாவுக்கே தெரியாதுடா. வருஷா வருஷம் திவசத்துல அந்தப் பேர் வர்ற எடத்துல இருமுவார். இருமி முடிக்கறதுக்குள்ள வாத்தியார் அடுத்த மந்திரத்துக்குப் போயிடுவார்."