கேட்டதும் கேட்கிறதும்

கூண்டில் ஏறி நின்றதும் அவளுக்குக் கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். காலையில் போட்ட மாத்திரையின் வேலைதான். எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் கற்பிப்பாரோ. மூன்று மாதமாக இதே பாடாகிவிட்டது. சிரித்தால் ஏன் சிரித்தாள் என்பார்கள். அழுதால் சொல்லவே வேண்டாம். சும்மா இருந்தால் வெறித்துப் பார்க்கிறாள் என்பார்கள். மேலே மின்விசிறி கரகரத்தது. அந்தச் சத்தம் மற்றவர்களுக்கும் கேட்கிறதா? நீதிபதி நிமிர்ந்து மின்விசிறியை ஒரு முறை முறைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கணவர் கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவர். இந்து திருமணச் சட்டப்படி அவர் போட்டிருந்த விவாகரத்து மனுவில், இவளுக்கு மனநோய், அது குணப்படுத்த முடியாதது, இவளோடு சேர்ந்து வாழ்வது இயலாது என்று எழுதியிருந்தது. பிரிவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. இருவரும் சம்மதித்து எழுதிக்கொடுத்துவிடலாம் என்று அவளே ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தாள். மாமியார் ஒப்பவில்லை. ஏழு வயது மகள் இருக்கிறாளே. தீர்ப்பில் அந்தக் ‘குணப்படுத்த முடியாதது’ ஏறிவிட்டால் பிள்ளையை யாரும் இவளிடம் விட மாட்டார்கள். இப்போதே சனிக்கிழமை இரண்டு மணி நேரம்தான், அதுவும் மாமியார் கூடவே உட்கார்ந்திருப்பாள்.

மனுவில் இருந்தவை பொய்யில்லை என்பதுதான் அவளை அரித்தது. அடுப்படியில் தனியாகப் பேசினாள். கணவரை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினாள். குழாய்த் தண்ணீரில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று பிள்ளைக்கு ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்தப் பகலில் பாதிதான் அவள் நினைவில் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள், அது பொய்கூட இல்லை என்று அவளுடைய வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் நேராக அங்கேதான் வந்தார்.

“குழந்தைக்குத் தண்ணி குடுக்காம வெச்சிருந்தீங்களா, இல்லையா?”

வக்கீலம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெச்சிருந்தேன்,” என்றாள். “அவ தண்ணி தண்ணின்னு கேட்டது ஞாபகம் இருக்கு. குடிச்சா செத்துருவான்னு ஒரு குரல் சொல்லுச்சு. நம்பிட்டேன். அப்போ குரல் கேட்டுச்சு. மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாச்சு, இப்போ கேக்கறதில்ல.”

“மருந்தை நிறுத்துனா?”

“வரலாம். அதனாலதான் நிறுத்தல.”

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்பதுபோல் உட்கார்ந்தார். வக்கீலம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

தட்டச்சான வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். எல்லோரும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தில் கண் வைத்திருந்தார்கள். அவளுக்குப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. நான்காம் வரியில் கண் நின்றது. ‘எனக்குக் குரல்கள் கேட்கின்றன.’ இப்போது வாயைத் திறந்தால் ஒன்றுமில்லாததற்கு அடம்பிடிக்கிறாள் என்பார்கள். திறக்காவிட்டால் தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“ஐயா, இது ‘கேட்டன’ன்னு இருக்கணும். இப்போ கேக்கறதில்லன்னு சொன்னேன், அதையும் காணோம்.”

சின்ன விஷயம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். தட்டச்சரைக் கூப்பிட்டு வரியை அடித்துத் திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்தில் தானே சுருக்கொப்பம் போட்டார். மருத்துவர் குழு ஒன்று அவளைப் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும் என்று உத்தரவிட்டு, வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா பொரிந்து தள்ளினார். இனி எல்லாம் மருத்துவர்கள் கையில்தான், நீங்களே போய்த் தலையை நீட்டிவிட்டீர்கள் என்றார். அவள் தலையாட்டினாள். அடுத்த மாதம் வரை எத்தனை நாள் என்று மனம் எண்ணத் தொடங்கியிருந்தது. முன்பின் தெரியாத மருத்துவர்கள் எதிரே உட்கார்ந்து என்னவெல்லாம் கேட்பார்கள்?

வக்கீலம்மா அடுத்த வழக்குக்குப் போனபின் கணவர் தயங்கித் தயங்கி வந்தார்.

“பாப்பாவுக்குப் பல்லு ஆடுது,” என்றார் கடைசியில். “தொட விட மாட்டேங்கறா. அம்மாதான் புடுங்கணுமாம்.”

“எந்தப் பல்லுங்க?”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயை அகலத் திறந்து, மேல்வரிசையில் ஒரு பல்லை விரலால் தொட்டுக் காட்டினார். அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். பியூன் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டபடி அவர்களைத் தாண்டிப் போனான். வாய் வலிக்க அவர் அப்படியே திறந்துகொண்டு நின்றார்.