கம்பி இல்லாத பக்கம்

கம்பத்தின் உச்சியில், இடுப்புப் பட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூன்றாவது மரத்தின் கிளையை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து அந்தச் சொல் வந்தது.

"கொலைகாரா!"

லைன்மேன் வாளை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பல் டாக்டரம்மா. தெருச் சங்கத்தின் செயலாளர். ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, மறு கையில் செல்போனை இவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார்.

"மேடம், தள்ளி நில்லுங்க. கிளை விழும்."

"விழட்டும். எங்க தலையிலயே விழட்டும். பச்சை மரத்தை வெட்டுற கை விளங்குமா?"

கீழே கயிறு பிடித்திருந்த சக ஊழியர் தலையைக் குனிந்துகொண்டார். லைன்மேன் கிளையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்தொன்பது வருட வேலையில் மேலே நிற்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று பழகியிருந்தார். மேலே கவனம் ஒரு நொடி தப்பினால் கீழே வருவது கிளையாக இருக்காது. ஆனால் காது திறந்துதான் இருந்தது. பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்கள் யாவரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர் குடியிருக்கிற தெருவே இதுதான். கடைசிக்கு முந்தின வீட்டில் கீழ்ப் போர்ஷன். பீஸ் போனாலும் நடுமதியத்தில் மின்விசிறி நின்றாலும் இதே பால்கனிகளிலிருந்து "சார், கொஞ்சம் பாருங்களேன்" என்று குரல் வரும். இன்று சார் கொலைகாரனாகிவிட்டார்.

மொத்தம் பதினோரு மரங்கள். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடி நட்டது. ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயர இரும்புக் கூண்டு, கூண்டில் ஒரு தகடு, தகட்டில் 'இம்மரத்தைப் பராமரிப்பவர்' என்று வீட்டு எண். நகராட்சி இலவசமாகக் கொடுத்த கன்றுகள், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நிழல் தரும் சாதி. சொன்னபடியே சீக்கிரம் வளர்ந்தன. தங்களுக்கு நேர் மேலே ஓடுகிற மின்கம்பிக்குள் தலையை விட்டன.

போன வாரம் விடியற்காலை காற்றும் தூறலுமாக இருந்தது. பேப்பர்காரர் வழக்கம்போல் ஐந்தாவது கூண்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதைப் பிடித்தபடியே கேரியரிலிருந்து பேப்பரை உருவியிருக்கிறார். மேலே நனைந்த கிளை ஒன்று கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. அலறலைக் கேட்டு லைன்மேன் லுங்கியோடு ஓடினார். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கியவரும் அவர்தான், திரும்பி ஓடிவந்து அந்த மனிதரின் கையைச் சைக்கிளிலிருந்து பிரித்தவரும் அவர்தான். உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கம்பியிலிருந்து ஆறடிக்கு ஓர் இலைகூட இருக்கக் கூடாது. அந்த மரங்களைப் பொறுத்தவரை ஆறடி என்றால் மொட்டைதான்.

ஏழாவது மரம் அவர் வீட்டு எதிரில் நின்றது. தகட்டில் அவர் வீட்டு எண். குழந்தைகள் காப்பகத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்று பார்த்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் முதல் கோடையிலேயே கன்றுகளை மறந்துபோக, பதினோரு கூண்டுக்கும் குடம் தூக்கியவள் அவள். "பேரு அவங்களுது, இடுப்பு என்னுது" என்று சிரித்துக்கொண்டே தூக்குவாள். இன்று சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கிளைகள் தொப்பென்று விழுந்ததும் அவற்றைத் தாண்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

டாக்டரம்மா எடுத்த படம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது. கையெடுத்துக் கும்பிட்டு அழும் பொம்மைகள், உடைந்த இதயங்கள். 'இவனை ஜெயிலில் போடணும்' என்று ஒருவர். 'இவங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாது' என்று இன்னொருவர். எல்லாம் லைன்மேன் பீஸ் போட்டுக் கொடுத்த வீடுகள். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். நூற்றுச் சொச்சம் செய்திகளில் பேப்பர்காரரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'ஒரு வாரமா பேப்பர் லேட்டா வருது. யாராவது ஏஜென்டுகிட்ட சொல்லுங்களேன்.' அதற்குக் கீழே ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

ஏழு கட்டைவிரல். அவருக்குக் காதுமடல் கொதித்தது.

சனிக்கிழமை மாலை சங்கக் கூட்டம். டாக்டரம்மாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். 'நம் தெரு, நம் பொறுப்பு' என்று பலகையில் எழுதியிருந்தது. லைன்மேன் டியூட்டியிலிருந்து நேரே காக்கிச் சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளிப் போனார்.

"வெட்டினா நாம ஓய்ஞ்சிடுவோம்னு நினைக்கிறாங்க" என்றார் டாக்டரம்மா. கைதட்டல். "மொட்டையா நிக்கிறதை எடுத்துட்டு, பதினோரு புதுக் கன்று வைக்கிறோம். நகராட்சில பேசியாச்சு. அடுத்த ஞாயிறு எல்லாரும் வரணும்."

லைன்மேன் எழுந்தார். "எங்க வைக்கிறீங்க?"

"அதே இடத்துலதான். குழி இருக்கு, கூண்டு இருக்கு."

"மேல கம்பியும் இருக்கு மேடம்."

"அது உங்க டிபார்ட்மென்ட் பிரச்சினை. கம்பியைத் தரைக்கடியில கொண்டு போங்க." மறுபடி கைதட்டல்.

"கொண்டு போறப்ப போகட்டும். எதிர்ப்பக்கம் கம்பியே இல்ல. மண் தரை. அங்க வைங்க, எந்த வாளும் கிட்ட வராது."

எதிர்ப்பக்கத்தில் என்ன நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ்காரர் நாற்காலியில் நெளிந்து திரும்பினார். தெருவிலேயே பெரிய கார் அவருடையது.

"அங்க வண்டி நிக்குதே. என் காரை என்ன தலையில தூக்கி வெச்சுக்கவா?"

"கார் நகரும் சார். மரம் நகராது. கம்பியும் நகராது. இது மூணுல எது நகரணும்னு சின்னப் புள்ளைகூடச் சொல்லும்."

"நிழல் வேணும்னுதான்யா இத்தனை பேரும் கூடியிருக்கோம்."

"யாருக்கு நிழல்? அன்னைக்குக் கன்னு வெச்சுப் போட்டோ எடுத்தீங்களே, அதுக்கப்புறம் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தின கை எது? தூக்குங்க, பாப்போம். அந்தப் பேப்பர்காரரை யார் போய்ப் பாத்தீங்க? ரெண்டு விரல் போச்சு அந்த மனுஷனுக்கு. நீங்க பேப்பர் லேட்டாகுதுன்னு எழுதுறீங்க. அதுக்கு ஏழு பேரு விரலைத் தூக்கிக் காட்டுறீங்க!"

குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். டாக்டரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டோம். அடுத்து, ஞாயித்துக்கிழமை போடுற பனியன். பச்சையா, வெள்ளையா?"

லைன்மேன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, கொட்டித் தீர்த்தார். ஊருக்கு உபதேசம் பண்ணுகிற கூட்டம் என்றார், காருக்கு நிழல் தேடுகிற பயல்கள் என்றார், பல்லைப் பிடுங்குகிறவளுக்கு வேரைப் பற்றி என்ன தெரியும் என்றார். மனைவி அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் குழாயை மூடினாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"முடிஞ்சுதா?"

அவர் பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி குழி வெட்டுனப்ப மேல கம்பி போறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னேனே."

"எத்தனை தடவை சொன்னீங்க?"

அவர் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "ஒரு தடவை."

"என்கிட்ட சொன்னீங்களா? தினம் குடம் தூக்கிட்டுப் போனேன். வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அது எவ்வளவு உசரம் போகும்னு தெரியும். கூண்டு இரும்புன்னு தெரியும். மழை பேஞ்சா என்னாகும்னு இந்தத் தெருவுல உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தாங்க?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதைய செயலாளரிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், "கம்பிக்குக் கீழ வருதே சார்." அந்த ஆள் இவர் தோளில் தட்டி, "நல்ல காரியத்துல நொட்டை சொல்லாதீங்க" என்றார். நாலு பெரிய மனிதர்கள் கூடிய இடம். வாடகை வீட்டுக்காரன் நமக்கென்ன என்று தோன்றியது. இரண்டாவது வரிசையில் மண்வெட்டியோடு நின்று போட்டோவுக்குச் சிரித்தார். பிறகு வருடா வருடம் மேலே ஏறி நுனியை மட்டும் கிள்ளிவிட்டு, மனைவி மனம் நோகக் கூடாது, தெரு வாயில் விழக் கூடாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார். ஐந்து அடுத்த வருடங்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பேப்பர்காரர் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்கு மேல் வைத்திருந்தார். "மாடி வரைக்கும் குறி தப்பாம வீசுவேன். இனி படியேறித்தான் போடணும் போல" என்றார். பிறகு இடது கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் ஓடி வரலேன்னா நான் இல்ல. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். இவரும் அந்த நன்றியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது அது நெஞ்சைப் பொசுக்கியது. தெருவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்த கோபம் திரும்பி அவரைப் பார்த்து நின்றது. அதை விரட்டவும் வழி தெரியவில்லை, தடவிக் கொடுக்கவும் முடியவில்லை.

"கடப்பாரை எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

இன்ஷூரன்ஸ்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போவார். நடப்பதற்காக மூன்று கிலோமீட்டர் காரில் போகிறவர். கார் தெருமுனை திரும்பியதும் அது நின்ற இடம் வெறும் மண்ணாக, எண்ணெய்க் கறையோடு கிடந்தது. லைன்மேன் அண்ணாந்து பார்த்தார். தொழில் பழக்கம். ஒரு கம்பியும் இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறும் வானம்.

கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். வருடக்கணக்காகச் சக்கரம் ஏறி இறுகிய மண் 'ணங்' என்று திருப்பி அடித்தது. மறுபடி குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முகம் வந்து போனது. டாக்டரம்மா, பழைய செயலாளர், ஏழு கட்டைவிரல்கள். அப்புறம் மண்வெட்டியோடு சிரிக்கிற தன் முகம். அந்த முகத்துக்கு மட்டும் கை ஓயவில்லை. மனைவி மண்ணை அள்ளி அள்ளி ஓரத்தில் குவித்தாள். ஏழாவது மரத்தடியில் தானாக முளைத்த ஒரு கன்றைப் பெயின்ட் டப்பாவில் எடுத்து வளர்த்திருக்கிறாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சத்தம் கேட்டுப் பால்கனிகள் விழித்தன. செல்போன்களும்.

"பர்மிஷன் வாங்கினீங்களா?" டாக்டரம்மாவின் குரல் மேலேயிருந்து வந்தது.

மனைவி நிமிர்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல மேடம். இந்தப் பக்கம் யாருக்கும் ஷாக் அடிக்காது, அதனால கேக்கல."

டாக்டரம்மா பால்கனியிலேயே நின்றார். எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒருவர் வாளி நிறையத் தண்ணீரோடு வாசல் வரை வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். வாளியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழி இடுப்பளவு ஆனபோது கார் வந்தது. முதலில் ஒரு சின்ன ஹாரன். பிறகு நீளமாக ஒன்று. பிறகு கதவு.

"யோவ், என்னய்யா இது? உன் அப்பன் வீட்டு ரோடா?"

"உங்க அப்பன் வீட்டுதும் இல்ல" என்றார் லைன்மேன், குழிக்குள்ளிருந்தபடியே.

"அரசாங்க வேலையில இருந்துக்கிட்டு ரோட்டைத் தோண்டுறியா? நாளைக்கே உன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து வேலையைத் தூக்கலே, பாரு."

"எழுதுங்க. மூணடிக் குழின்னு எழுதுங்க. இன்னும் அரையடி பாக்கி இருக்கு, அதுக்குள்ள அனுப்பிடாதீங்க, பொய்யாயிடும்."

மேலே எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். இன்ஷூரன்ஸ்காரர் முகம் சிவக்கக் காருக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். வண்டி ஓரடி முன்னால் வந்து நின்றது. மறுபடி அரையடி. பம்பர் மண்குவியலைத் தொட்டது. எஞ்சினின் சூடு லைன்மேனின் பிடரியில் வந்து அடித்தது. வேலை போனால் வாடகை என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார். வெளியே ஏறவில்லை. முதுகைக் காருக்குக் காட்டியபடி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மனைவி எதிர்க் கேட்டுக்குப் போய் அந்த வாளியைத் தூக்கி வந்தாள். காருக்கும் குழிக்கும் நடுவில், முழங்கால் பம்பரில் உரச நின்றுகொண்டு, மீதி அரையடி மண் இளகட்டும் என்று குனிந்து குழிக்குள் ஊற்றினாள். ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவர் பாதங்களைச் சுற்றிச் சுழன்று, எண்ணெய் மினுங்கி, நுரைத்தது. அடிமண் அதை மெல்ல இழுத்துக்கொள்ள, அவர் கணுக்கால் வரை சேற்றில் இறங்கினார்.