வெள்ளைத் தேத்தண்ணியும் யோகலிங்கத்தாரின் நாக்கும்

மூக்கனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை, கண்டாவளைப் பக்கத்தில் மீனம்மாவின் கால் ஏக்கர் வளவுக்குள் மட்டும் மூடுபனி இறங்கியது. கொரோனாவுக்கு முந்தின வருடம், புரட்டாதி மாதம். வேலிக்கு இந்தப் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி குளிரில் வெடவெடத்தது. அந்தக் கிழமை சந்தையில் கத்தரிக்காய் விலை படுத்திருந்ததால் சனம் அதைப் பற்றித்தான் அதிகம் கதைத்தது. பனி போகவில்லை. கிளிநொச்சியிலிருந்து ஒரு விவசாய உத்தியோகத்தர் வந்து, வேலிப் படலையடியில் நின்று உள்ளே கையை நீட்டிப் பார்த்து, "ஓம், குளிராத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். மூன்றாம் கிழமை அந்த மண்ணில் தேயிலைச் செடிகள் முளைத்தன. யாரும் விதை போடவில்லை. மலைநாட்டில் இடுப்பளவு வளர வருடக் கணக்காகும் செடி, இங்கே மார்கழிக்குள் கொழுந்து விட்டது. மீனம்மா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். கலவரத்தில் லயம் எரிந்தபோது தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு லொறியில் வன்னிக்கு வந்துசேர்ந்தார். அதனால் செடிகளைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மூக்கன் அவளுடைய புருசன். அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு ஊரில் இரண்டு கதை இருந்தது. ஒன்று யோகலிங்கத்தார் சொன்னது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பத்து மனிசன், விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர், வாய்க்கால் தண்ணீர் யாருடைய வயலுக்கு எப்போது திரும்பவேண்டும் என்று தீர்மானிக்கிறவர். தன் முற்றத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மூக்கன் பொத்தென்று விழுந்தான், தண்ணி கேட்கக்கூட அவனுக்கு நேரமிருக்கவில்லை என்று மரண விசாரணையில் அவர் சொன்னார். மற்றக் கதை, அன்றைக்கு அதே முற்றத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்த சுப்பம்மா மீனம்மாவின் காதோடு சொன்னது. மூக்கன் விழவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாமரத்தடியில் மெல்லக் குந்தினான். "ஒரு வாய் தேத்தண்ணி தாங்கையா" என்று கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். யோகலிங்கத்தார் மனைவி கமலாசனியைக் கூப்பிட்டு, "அவன்ர சிரட்டையை எடுத்து ஊத்திக் குடும்" என்றார். இருபது வருடமாக மூக்கன் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்தது குசினிக்குப் பின்னால் கூரையில் செருகியிருந்த தேங்காய்ச் சிரட்டையில்தான். அன்றைக்கு அதை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கமலாசனி கொட்டிலில் தேடினாள், கிணற்றடியில் தேடினாள், விறகுக்குள் தேடினாள். குசினி அலுமாரியில் கிளாசும் கோப்பையும் அடுக்கடுக்காக இருந்தன. போட்டு வைத்த தேத்தண்ணி கேத்தலுக்குள் ஆறியது. சிரட்டையைக் கண்டுபிடித்துக் கழுவிக்கொண்டு அவள் வந்தபோது மூக்கன் மரத்தில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தான்.

மீனம்மா சுப்பம்மாவைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. சுப்பம்மாவும் நாளைக்கு அந்த முற்றத்துக்குத்தான் கூலிக்குப் போகவேண்டும். "அந்த வாயாலயே வரணும்," என்றாள் மீனம்மா, மகள் ரஜிதாவிடம். "ஊரு கேக்க, அவரு வாயாலயே வரணும். அதுவரைக்கும் எமன் வந்தாலும் வாசல்ல நிக்கட்டும்."

அவள் இலை பறிக்கவில்லை. விரியாத மொட்டை மட்டும், வெள்ளை மயிர் படர்ந்த அந்தக் குருத்தை மட்டும் கிள்ளினாள். கறுப்புத் தேயிலைக்காக அவளுடைய தாய் மலையில் முதுகு முறிந்தது போதும் என்று சொன்னாள். மொட்டை உருட்டாமல், கசக்காமல், புளிக்கவிடாமல் நிழலில் உலர்த்தினால் அதுதான் வெள்ளைத் தேயிலை. வெள்ளைத் தேத்தண்ணி என்றதும் பால் விட்டது என்று நினைத்து ஓடிவந்தவர்களும் உண்டு. ஊற்றிப் பார்த்தால் வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி ஒரு நிறம், அவ்வளவுதான். "இதென்ன கோதாரி, சாயமே இல்லை" என்று முதல் நாள் திட்டினவர்கள் இரண்டாம் நாள் பேசாமல் வந்து குந்தினார்கள். அந்தத் தேயிலைக்குத் தன் பாட்டுக்கு உரத்த மணம் இல்லை; பக்கத்தில் எதை வைத்தாலும் அதன் மணத்தை இழுத்துக்கொள்ளும். அயலில் கருவாடு பொரித்த ஒரு நாள் முழு மூட்டையும் கருவாடாகிப் பன்றிக்குப் போனது. பிறகு மீனம்மா கவனமானாள். மல்லிகையோடு அடுக்கி ஒரு வகை, புளிப்பு மணக்கும் தேசி இலையோடு ஒன்று, வேப்பம்பூவோடு ஒன்று, வைகாசியில் பாலைப்பழம் பழுக்கும்போது அதன் பிசுபிசுத்த இனிப்போடு இன்னொன்று.

வவுனியாவில் தேயிலைக் கடை வைத்திருந்த குகதாசன் இதைக் கேள்விப்பட்டு வந்தார். கொழும்பில் தேயிலை சுவைபார்க்கப் பழகியவர். சனிக்கிழமைகளில் மீனம்மாவின் வளவில் நீள மேசை போட்டு, வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, சுவைபார்க்கிற முறையைச் சனத்துக்குக் காட்டினார். கரண்டியில் அள்ளி, வெட்கப்படாமல் சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுவதும் உருட்டி, மேல்மூக்குக்கு மணத்தை ஏற்றி, பிறகு பக்கத்திலிருக்கும் படிக்கத்தில் துப்பிவிடவேண்டும். விழுங்கினால் அடுத்த கோப்பைக்கு நாக்கு உதவாதாம். "குடிக்கத் தந்திட்டுத் துப்பச் சொல்லுற ஊரை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று சுப்பம்மா சொன்னாள். ஆனாலும் துப்பினாள், படிக்கத்துக்குள் சரியாக விழும்படி. கனடாவிலிருந்து லீவில் வந்தவர்கள், ஏ-ஒன்பது வீதியால் போகிற வெள்ளைக்காரர்கள், பக்கத்துக் குளத்துச் சனம் என்று எல்லாரும் வந்து குளிரில் நடுங்கிக்கொண்டு உறிஞ்சினார்கள். முன்பு அந்தப் படலையைத் தாண்டாதவர்களும் வந்தார்கள். பெயர் வெளியில் போனால் தீட்டு வேலி பாய்ந்து ஓடிவிடும், அதற்கென்ன.

நாடு வங்குரோத்தாகி வந்த பெற்றோல் வரிசையெல்லாம் ஓய்ந்த பிறகு, சுவைபார்க்கிற கொட்டிலுக்குக் கூரை போட்டுத் திறப்புவிழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்ததால் கமக்கார அமைப்புத் தலைவரும் வரவேண்டியதாகிவிட்டது. யோகலிங்கத்தார் வேட்டி சால்வையோடு வந்து முன் கதிரையில் இருந்தார். மீனம்மா தட்டை நீட்டினாள். அதிகாரி எடுத்தார், குருக்கள்கூட எடுத்தார். யோகலிங்கத்தார் கையைக் கூப்பிச் சிரித்தார். "இல்லைப் பிள்ளை, இப்பதான் வீட்டில குடிச்சிட்டு வாறன்."

எங்கள் பக்கத்தில் இந்த வசனத்துக்கு இருக்கிற வயது சில கோயில்களுக்குக்கூட இல்லை. யாரையும் ஏசாமல், கை ஓங்காமல், ஒரு ஆளைப் படலைக்கு வெளியே நிறுத்திவைக்க இதைவிடச் சுகமான வழி கிடையாது. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். மூக்கனுடைய செத்தவீட்டிலும் யோகலிங்கத்தார் இதைத்தான் சொன்னவர். மீனம்மா தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். "அப்பிடிங்களாய்யா," என்றாள். "சரி. குடிச்சதாவே இருக்கட்டும்."

அடுத்த நாள் காலை கமலாசனி கொடுத்த கோப்பை, யோகலிங்கத்தார் கையில் வாங்கியதும் காலியாக இருந்தது. அடியில் ஒரு வளையம், குடித்து முடித்த கோப்பையில் இருக்கிறது போல. மனிசி மறந்துபோனாள் என்று நினைத்துக் கத்தினார். இரண்டாம் கோப்பையும் அப்படி. எவர்சில்வரில் கொடுத்தாள், செம்பில் கொடுத்தாள், இளநீரை வெட்டி அப்படியே கொடுத்தாள்; வழுக்கைதான் மிஞ்சியது. இடியப்பத்தில் விட்ட சொதி அவர் விரல் பட்டதும் காய்ந்தது. கோயிலில் உள்ளங்கையில் விட்ட தீர்த்தம் வாய்க்குப் போகுமுன் இல்லை. கலியாண வீடுகளில் அவருக்கு முன்னால் வைத்த கிளாஸ் உடனே காலியாவதைக் கண்டு, "ஐயாவுக்கு நல்ல விடாய் போல" என்று பொடியன்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். கிளிநொச்சியில் டொக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் தண்ணீர் தாராளமாக இருக்கிறது, நல்ல பழக்கம், இப்படியே குடியுங்கோ என்றார். வயிறு எப்போதும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்த வயிறாக நிறைந்திருந்தது. நாக்கு மட்டும் சித்திரை மாதக் குளத்தின் அடி போல வெடித்தது. கார்த்திகை மழையில் வாயைத் திறந்துகொண்டு முற்றத்தில் நின்று பார்த்தார். மழை வாய்க்குள் விழுந்தது, நாக்கில் படவில்லை. இப்படி இரண்டு வருடம் போனது. ஊர் பழகிவிட்டது, அவருக்கு வைக்கிற பந்தியில் குழம்பு விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் கமலாசனிதான் வாய் திறந்தாள். அவளுக்கு மூக்கன் செத்த நாளிலிருந்து நித்திரை சரியில்லை. "மீனம்மாவிட்டைப் போய்க் கேளுங்கோ," என்றாள். "நான் தேடித் திரிஞ்சது உங்கட சொல்லுக்குத்தானே. அலுமாரியைத் திறக்க எனக்குக் கை வரேல்லை, அது என்ர பாவம். உங்கட பாவத்தை நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. மானத்தைப் பாத்துக்கொண்டிருந்தால் நாக்கு வெடிச்சுத்தான் சாவியள்."

அவர் சனிக்கிழமை வந்தார். மேசையைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்தது. குகதாசன் பாலைப்பழத் தேயிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். யோகலிங்கத்தார் நேரே மீனம்மாவிடம் போய், "மீனம்மா, ஒரு வாய் தேத்தண்ணி தா" என்றார். குரல் சருகு போல வந்தது. மீனம்மா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் விழுங்க எச்சில் தேடினார். "தாங்கோ," என்றார்.

"தர்றேங்கையா. அதுக்கு முந்தி, எங்க வீட்டுக்காரரு எப்பிடிச் செத்தாருன்னு சொல்லுங்க."

யோகலிங்கத்தார் சுற்றிவரப் பார்த்தார். அவருடைய அமைப்பு அங்கத்தவர்கள், குருக்கள், அவரிடம் தண்ணீருக்காகக் காத்திருக்கிறவர்கள், எல்லாரும் இருந்தார்கள். பனி அவருடைய சால்வையை நனைத்தது. பிறகு அவர் சொன்னார். "அவன்... மூக்கன் உடன விழேல்லை. தேத்தண்ணி கேட்டவன். கனதரம் கேட்டவன். வீட்டில கோப்பை இருந்தது. நான்தான் சிரட்டையைத் தேடச் சொன்னனான். எங்கட கோப்பையில குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நேரமிருக்கேல்லையெண்டு நான் சொன்னது பொய்." அவருக்கு அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. சுப்பம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குருக்கள் நிலத்தைப் பார்த்தார். யாரோ ஒரு கிழவன் மட்டும், "அடப் பாவி" என்று மெல்லச் சொன்னான்.

மீனம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு அடுக்கிலிருந்து நல்ல கோப்பையாகப் பார்த்து எடுத்து, பாலைப்பழத் தேத்தண்ணியை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கோப்பை காலியாகவில்லை. இளமஞ்சள் தண்ணீர் விளிம்புவரை நின்று ஆடியது. யோகலிங்கத்தார் வாயில் வைத்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு நாக்கு நனைந்தது. முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு பாலைப்பழம், காட்டுக்குள்ளிருந்து சின்ன வயதில் பறித்துத் தின்ற அதே பிசின், கடைசியில் வெயில் பட்ட புல் வாசம். அவர் கண்ணை மூடினார். கன்னம் இரண்டும் நிறையப் பிடித்து வைத்துக்கொண்டார், தொண்டை ஏறி இறங்கத் துடித்தது.

மீனம்மா குனிந்து படிக்கத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"துப்புங்கையா."

யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று யோகலிங்கத்தார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குகதாசன், "அதுதான் முறை" என்று முணுமுணுத்தார். யோகலிங்கத்தார் துப்பினார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை; வேறெங்கும் அவர் நாக்கு இன்னும் நனையவில்லை. ஒருமுறை களவாக விழுங்கப் பார்த்தார். தேத்தண்ணி தொண்டைக்குப் போகாமல் வாய்க்குள்ளேயே இல்லாமல் போனது, அதோடு ஒரு மாதம் மீனம்மாவின் கோப்பையும் அவருக்குக் காலியாகவே நின்றது. இப்போது ஒழுங்காகத் துப்புகிறார். அவ்வளவு காலம் காய்ந்துகிடந்த நாக்கு என்பதால் அதைப் போலச் சுத்தமான நாக்கு வடக்கில் இல்லை என்று குகதாசன் சொல்கிறார். மல்லிகை காலையில் பறித்ததா பின்னேரம் பறித்ததா, தேசி இலை மழைக்கு முன்னால் கிள்ளியதா பின்னால் கிள்ளியதா என்று யோகலிங்கத்தார் ஒரு உறிஞ்சலில் சொல்லிவிடுவார். அவர் சரி என்று தலையாட்டாத தேயிலை அந்த வளவை விட்டு வெளியே போவதில்லை. கமக்கார அமைப்புக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீர் இப்போது மீனம்மாவின் மலைநாட்டு ஆட்களுடைய வயலுக்கும் முறைப்படி திரும்புகிறது.

போன மாதம் மூக்கனுடைய திவசம் வந்தது. படையல் வைத்து முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரஜிதா தாயிடம் கேட்டாள். "அம்மா, அவருதான் எல்லாத்தையும் சொல்லிட்டாரே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுசனுக்குத் தொண்டையில இறங்கும். ஒரே ஒருக்கா முழுங்கட்டுமே."

மீனம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "சொன்னாரு. நானும் கேட்டுக்கிட்டேன்," என்றாள். "மன்னிச்சேன்னு நான் எப்ப சொன்னேன்?"

சாப்பிட்டு எழும்பி, படிக்கத்தைச் சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று விளக்கி, முன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை விடிய, பனிக்குள் முதல் ஆளாக யோகலிங்கத்தார் வந்து அந்தக் கதிரையில் இருந்தார்.