எர்சிலியா வந்தெல்லி இறந்த இரண்டு ஞாயிறுகள்

பாடகி எர்சிலியா வந்தெல்லி ஓபராவின் கடைசி அங்கத்தில் சாகும்போது நிஜமாகவே செத்துப்போவாள். ஜனங்கள் கை தட்டியதும் உயிர் வந்து எழுந்து நின்று வணங்குவாள். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ஃபெராராவில் ஒரு டாக்டர் மேடையேறி நாடி பார்த்து, முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். அதற்குள் அரங்கு அதிரவே அவள் எழுந்து அவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் வைத்தாள். மாந்துவாவில் ஒரு பாதிரியார் அவசரப்பட்டு, சாகிறவர்களுக்குப் பூசும் கடைசி எண்ணெயைப் பூசிவிட, அந்தக் கறை நாடக உடுப்பின் கழுத்துப் பட்டையில் இன்றுவரை இருக்கிறது. அவள் கணவர் முதல் சில வருடங்கள் ஒவ்வொரு முறையும் அழுதார். பிறகு அழுகை நின்றது. அப்புறம், மாதத்துக்கு நாலு தரம் பெண்டாட்டியைப் பறிகொடுக்க மனுஷனால் ஆகாது என்று சொல்லிவிட்டு ஜெனோவாவில் ஒரு தையல்காரியோடு குடித்தனம் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கைதட்டல் பலமாக இருந்தால் அவள் முழுசாகத் திரும்புவாள். குறைந்தால், அந்தக் குறைக்கு ஈடாக ஏதாவது ஒன்று அந்தப் பக்கமே தங்கிவிடும். கிரெமோனாவில் ஒரு மழை நாளில் பாதி நாற்காலிகள் காலி. அன்று எழுந்தவளுக்கு அதற்குப் பிறகு எந்த வாசனையும் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்கள் ஆன ஒரு ஜனவரியில், எங்கள் ஊரான காஸ்தெல்நெப்பியோவின் சுவர்களில் அவள் பெயர் போட்ட போஸ்டர் ஒட்டப்பட்டது. இரண்டு ஞாயிறு, மதியக் காட்சி. எங்கள் ஊரில் ஓபரா போஸ்டரையும் சாவு அறிவிப்பையும் ஒரே ஆள், ஒரே பசைவாளியோடு, ஒரே சுவரில் ஒட்டுவது வழக்கம். மூடுபனிக் காலத்தில் கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் யார் பாடுகிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பது தெரியும். போஸ்டரைப் படித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: எவரிஸ்தோ என்ன சொல்கிறான்?

எவரிஸ்தோ மலகோலி சதுக்கத்தில் பன்றித்தொடை உப்புக்கண்டம் விற்பவன். வசதியானவன், பிடிவாதக்காரன், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். நிலவறையில் தொங்கும் தொடையில் குதிரை எலும்பால் ஆன ஊசியைச் செருகி எடுத்து மூக்கருகே கொண்டுபோய், பக்குவம் வந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்வான். பாடகர்களையும் அப்படித்தான். அரங்கின் உச்சியில், மலிவு டிக்கெட் கேலரியின் நடு பெஞ்சு அவனுடையது. அங்கே அவன் கை எழும்பினால் கேலரி தட்டும். கேலரி தட்டினால்தான் கீழே பாக்ஸ் என்கிற தனித் தடுப்புகளில் பட்டும் ரோமமும் போர்த்திய பெரிய மனிதர்கள் தட்டுவார்கள். தப்பான இடத்தில் தட்டி ஊர் சிரிக்க அவர்களுக்கு விருப்பமில்லை. மோசமாகப் பாடினால் கேலரி விசில் அடிக்கும். நன்றாகப் பாடினால் கை தட்டும். அதற்கும் மேலே ஒன்று உண்டு: இனி இப்படி ஒன்றைக் கேட்கப்போவதில்லை என்று தோன்றும் அன்றைக்குக் கேலரி தட்டாது, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, இருமக்கூட இருமாமல், படியிறங்கிப் போய்விடும். அந்த மௌனத்தை முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரே ஒரு ஆண் பாடகன் வாங்கியிருக்கிறான். விஷயம் தெரியாத அந்த அப்பாவி, தன் பிழைப்பு முடிந்தது என்று அழுதுகொண்டே அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

எர்சிலியா ஊருக்கு வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேராக அவன் கடைக்குத்தான் போனாள்.

"கேலரில உங்க கை எழும்பினாத்தான் மத்த கை எழும்பும்னாங்க."

"விசிலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா, சிஞோரா?"

"சொன்னாங்க. விசில் அடிச்சா நான் எந்திரிக்க மாட்டேன். அதான் பாக்க வந்தேன்."

எவரிஸ்தோ கத்தியைத் துடைத்து வைத்தான். "நல்லா இருந்தா தட்டுவோம். இல்லேன்னா போப்பாண்டவரே வந்து பாடினாலும் தட்ட மாட்டோம். ஆனா பயப்படாதீங்க, உங்களை ரேடியோல கேட்டிருக்கேன். கைதட்டல் கிடைக்கும். அதுக்கு மேல போகாது."

"மேல என்ன இருக்கு?"

அவன் மௌனத்தைப் பற்றிச் சொன்னான். அர்ஜென்டினா போனவன் கதையையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. தராசுத் தட்டில் கையை ஊன்றியபடி நின்றாள். தட்டு இறங்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அதனால சொல்றேன், ரொம்ப நல்லாப் பாடிடாதீங்க. சுமாரா பாடுங்க சிஞோரா, பொழைச்சிக்குவீங்க."

"இருபத்தஞ்சு வருஷமா பாடுறேன். சத்தமாப் பாடுன்னு வாத்தியார் அடிச்சிருக்காரு. மெல்லப் பாடுன்னு புருஷன் கெஞ்சியிருக்காரு. சுமாரா பாடுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல." அவள் தராசிலிருந்து கையை எடுத்தாள். "சரி, அப்படி ஒரு நாள் வந்தா நீங்க ஒருத்தராவது தட்டுவீங்களா?"

எவரிஸ்தோ தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "அன்னிக்கு என் கை எழும்பாது. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவன் ஊசியைத் தொங்கிய பன்றித்தொடையில் செருகி எடுத்து அவளிடம் நீட்டினான். எங்கள் ஊரில் அது மரியாதை. அவள் முகர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிறன்று மூடுபனி அரங்குக்குள்ளேயே வந்து நாற்காலிகளுக்கு நடுவில் முழங்கால் உயரம் நின்றது. அண்ணன் கொடுக்கும் விஷத்தை விஷம் என்று தெரிந்தே குடித்து, அவனை மன்னித்துவிட்டுச் சாகும் ஒருத்தியின் கதை அந்த ஓபரா. முதல் இரண்டு அங்கங்களில் எர்சிலியா அளந்துதான் பாடினாள். உப்புப் போதவில்லை என்று கேலரி முணுமுணுத்தது. எவரிஸ்தோவுக்கு மட்டும் நிம்மதி. கடைசி அங்கத்தில் கோப்பையைக் கையில் வாங்கியவள் ஒரு கணம் நிமிர்ந்து கேலரியைப் பார்த்தாள். அளந்து பாட வந்தவளுக்கு அளவு மறந்துபோனதை அவன் அங்கிருந்தே கண்டுகொண்டான். அப்புறம் அவள் பாடியதை எழுத்தில் வைக்க முடியாது. பனி தரையோடு படுத்தது. பாக்ஸில் இருந்த ஒரு கிழவருக்கு, எப்போதோ செத்துப்போன தம்பியின் கால்சத்தம் பின்னால் கேட்டது; திரும்பிப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டார். அவள் மன்னித்தாள், விழுந்தாள். மேடையில் மற்றவர்களின் மூச்சு புகையாக எழுந்துகொண்டிருக்க, அவள் வாயருகே மட்டும் காற்று வெறுமையாக இருந்தது.

கேலரியில் தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. கீழே பாக்ஸ்காரர்கள் மேலே பார்த்துக் காத்திருந்தார்கள். தட்டாவிட்டால் அவள் எழ மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் யாராவது ஒருத்தர் தட்டுவார், தான் எதற்குக் கேலரி மானத்தைக் கெடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். "தொப்பியக் கழட்டு மச்சான்," என்று பக்கத்திலிருந்த ஒவீதியோ கண்ணீரோடு கிசுகிசுத்தான். அவன் செருப்புத் தைப்பவன், எவரிஸ்தோவின் பெண்டாட்டி இனேஸுக்குத் தம்பி. எவரிஸ்தோவும் அழுதான். எழும்பாது என்று அவன் சொன்ன கை அவனைக் கேட்காமலே எழும்பியது. அவன் தன்னந்தனியாகத் தட்டினான். கோயிலில் குசு விட்டவனைப் பார்ப்பதுபோல் கேலரி அவனைப் பார்த்தது. தோல் கிழிந்து சட்டைக் கையில் ரத்தம் இறங்கும்வரை தட்டினான்; ஒருவரும் சேரவில்லை, அவனுக்காக வெட்கப்பட்டுத் தலை குனிந்து படியிறங்கினார்கள்.

ஒருவன் தட்டியதால் அவள் ஒருவனுக்கு மட்டும் எழுந்தாள். மேடையாட்கள் பிணத்தைப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனபோது, அவள் தன் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போவதை எவரிஸ்தோ பார்த்தான். மறுநாள் போஸ்டர்காரர் அதே சுவரில், அதே பெயருக்குப் பக்கத்தில் கறுப்புக் கரை போட்ட தாளை ஒட்டினார். செவ்வாயன்று புதைத்தார்கள். சாவு அறிவிப்பில் வயது மூன்று கூடுதலாகப் போட்டிருந்ததை அவள் நகத்தால் சுரண்டினாள். சுரண்டிய இடத்தை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து அவள் கடையில் வந்து உட்கார்ந்தாள். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை. எவரிஸ்தோ, கட்டுப்போட்ட கைகளால் காபி போட்டு எதிர்நாற்காலிக்கு முன்னால் வைத்தான்.

"உயிரோட இருக்கிறவளுக்கு ஒரு நாள் காபி போட்டதில்ல," என்றாள் இனேஸ். "செத்தவளுக்கு ரெண்டு கரண்டி சக்கரையா?"

கோபத்தில் அந்தக் கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள். நிறம் இருந்தது, சூடு இருந்தது. ருசி மட்டும் இல்லை, யாரோ முன்பே குடித்துவிட்டதுபோல் வெறும் தண்ணீர். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த நாற்காலியின் மேல் துணி மடித்துப் போடுவதை நிறுத்திக்கொண்டாள்.

போஸ்டரில் இரண்டு ஞாயிறு என்று போட்டிருக்கிறது, பாடியே தீருவேன் என்று எர்சிலியா நின்றாள். எவரிஸ்தோ போய்ச் சொல்ல, அரங்கு மேலாளர் ஒப்புக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவன் வரியைப் பற்றிப் பொய் சொல்வான், பெண்டாட்டியிடம் பொய் சொல்வான். குரலைப் பற்றிப் பொய் சொன்னதாக வரலாறு இல்லை. அவளுக்கு மட்டும் கவலை இருந்தது. ஒரே ஆள் தட்டி வந்த உயிர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அவள் முழங்கைக்குக் கீழே எவரிஸ்தோவுக்கே சரியாகத் தெரியவில்லை.

"நாளைக்கு யாரும் தட்டலேன்னா உங்க கண்ணுக்கும் தெரிய மாட்டேன்," என்றாள். "உங்க கையும் கட்டுல கிடக்கு."

இரண்டாம் ஞாயிறு இடம் கிடைக்காமல் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். வாத்தியங்கள் அவள் பாட வேண்டிய இடங்களில் தாமாக அடங்கி வழிவிட்டன. அவள் காதலனாக நடித்தவன் வெற்றுக் காற்றைத் தழுவிக்கொண்டு, மறுகையால் சிலுவை போட்டுக்கொண்டான். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதனால் அரங்கு முழுவதும் கழுத்தைத் திருப்பி, கேலரி நடு பெஞ்சில் எவரிஸ்தோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் அங்கத்தின் நடுவில் அவன் முகம் சுளித்தது. மேல் ஸ்தாயியில் அவள் ஒரு மயிரிழை சுருதி இறங்கிவிட்டாள். அவன் கட்டுப்போட்ட விரல்களை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தான். அரங்கு நிம்மதியாக மூச்சு விட்டது. கேட்பதுபோல் நடிப்பவன் விசில் அடிப்பானா? அவள் அங்கேதான் இருக்கிறாள்!

கடைசி அங்கத்தில் அவன் முகத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு வாத்தியங்கள் நின்றன. எவரிஸ்தோ தட்டினான், இரண்டு தலையணைகள் மோதிக்கொள்ளும் சத்தம்தான் வந்தது. "தட்டுங்கடா," என்று கெஞ்சினான்.

"கேக்காத பாட்டுக்கு எப்படி மச்சான் கை தட்டுறது?" என்றான் ஒவீதியோ. "கேலரி மானம் என்னாகுறது?"

ஓபராப் பக்கமே வராத இனேஸ் அன்று வந்திருந்தாள். அவள் எழுந்து நின்றாள். "முப்பது வருஷமா இந்த மூஞ்சியத்தான் பாக்குறேன். கல்யாணத்தன்னிக்குச் சிரிக்கல. அவங்க அப்பா செத்தப்போ அழல. இன்னிக்கு இந்த மூஞ்சி எதையோ கேட்டிருக்கு. எனக்கு அது போதும்." ரொட்டி மாவை அடிப்பதுபோல் கனமாகத் தட்டினாள். தட்டிய நொடியில் மேடையைப் பார்த்து, "அம்மாடி, எவ்வளவு ஒல்லி," என்றாள். ஒவீதியோ தட்டினான். அப்புறம் கேலரி, அப்புறம் பாக்ஸ். தட்டத் தட்ட ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவள் எழுந்து வந்தாள். சுவர்ச்சுண்ணாம்பு உதிரும்வரை தட்டினார்கள்.

எர்சிலியா ஊரிலேயே தங்கிவிட்டாள். ஒவீதியோவின் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறாள். வருடா வருடம் ஜனவரியில் அவள் பெயர் சுவரில் ஏறும், ஒரு ஞாயிறு சாவாள். கேலரியில் மௌனம் என்கிற வழக்கம் ஒழிந்துவிட்டது. இப்போது கொஞ்சம் முன்கூட்டியே தட்டிவிடுகிறோம். வெளியூர்க்காரர்கள் எங்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்கிறார்கள். அந்த இரண்டாம் ஞாயிறு கை தட்டாதவர் நோட்டரி தொனெல்லி மட்டுமே; அவர் கண்ணுக்கு மட்டும் அவள் இன்றும் தெரிவதில்லை. அவள் சாவுப் பத்திரத்தில் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு அதற்கு எதிராகக் கை தட்ட முடியாது என்பது அவர் நியாயம். சந்தையில் ஒரு கூடை தானாக நகர்ந்து போவதைப் பார்த்தால் அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார்.

சென்ற வாரமும் நோட்டரி எவரிஸ்தோவின் கடையில் இருந்தபோது எர்சிலியா வந்தாள். எவரிஸ்தோ ஊசியைச் செருகி எடுத்து நீட்டினான். அவள் கண்ணை மூடி முகர்ந்தாள். கிரெமோனாவில் அவள் இழந்த வாசனையும் அந்த இரண்டாம் ஞாயிறு திரும்பி வந்திருந்தது.

"பக்குவம்," என்றாள். "இன்னும் ஒரு மாசம் தொங்கினா கெட்டுடும்."

"அந்த மௌனத்துக்காக எங்களை மன்னிச்சிட்டீங்கதானே, சிஞோரா?" என்று எவரிஸ்தோ வழக்கம்போலக் கேட்டான்.

"அதை அன்னிக்கே மன்னிச்சாச்சு." பொட்டலத்தை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். "ரெண்டாம் அங்கத்துல அடிச்சீங்களே ஒரு விசில், அதை மட்டும் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

கதவு தானாகத் திறந்து மூடியதைப் பார்த்த நோட்டரி, பனி உள்ளே வருகிறது என்று சொல்லிக் கழுத்துத் துண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.