கயிற்றின் மறுமுனையில் தம்பி

மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை காதுக்குள் குரல்கள்தான். ஒன்றுகூட அவளுக்காக வந்த குரல் இல்லை. எல்லாருக்கும் வேறு யாரோடோ பேச வேண்டும். "ஒரு நிமிஷம், தர்றேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த மணிக்குக் காத்திருப்பாள்.

காய்ச்சலில் பார்வை போன பிறகு, அவளோடு பேசவென்று மிஞ்சியது தம்பி ஒருவன். பார்சல் வண்டி ஓட்டுகிறவன், சரியான வாயாடி. அவள் பார்வையற்றோர் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்தபோது, துணைக்கு ஒருவர் கூடவே ஓட வேண்டும் என்றதும், "நான் எதுக்கு இருக்கேன்?" என்று முதல் ஆளாக வந்து நின்றான். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். விடியற்காலையில் ஓடிக்கொண்டே கதை அளப்பான். "இடதுபக்கம் பள்ளம். வலதுபக்கம் ஒரு நாய், உன்னையே மொறைக்குதுக்கா." அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் மிச்சப் பொழுதை அவள் தள்ளினாள்.

சங்கடம் என்னவென்றால், அவளுக்கு வேகம் ஏறிக்கொண்டே போனது. தம்பிக்குத் தொப்பை ஏறிக்கொண்டே போனது. துணைக்கு வருகிறவர் முந்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தொடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. இவன் விஷயத்தில் அந்த விதிக்கு வேலையே இல்லை. கயிறு பின்னால் இழுக்கும்போதெல்லாம் அவள் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வாள். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

பயிற்சியாளருக்குத் தெரிந்துவிட்டது. தேர்வுப் போட்டியன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லா ஓடுற பையன் ஒருத்தன் துணைக்கு வரத் தயாரா இருக்கான்மா. இப்ப தம்பியோட ஓடுங்க. முடிஞ்சதும் 'ஆளை மாத்துங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலம் இன்னொரு சுற்று இருக்கு, நீங்க தேர்வாகிடுவீங்க. ஆனா அதை நீங்கதான் சொல்லணும்."

கடைசி வளைவில், முன்னால் ஓடுகிறவளின் காலடி மிகப் பக்கத்தில் கேட்டது. தாண்டிவிடலாம். அவள் கால் துடித்தது. ஆனால் தம்பி பேச்சை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருந்தது. மூச்சு மட்டும் இரைந்தது. கயிறு விறைத்தது. அது கையைவிட்டு நழுவினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தாள். கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. முன்னால் போன காலடி தேய்ந்து மறைந்தது.

கோட்டைத் தாண்டியதும் தம்பி பொத்தென்று உட்கார்ந்தான். பயிற்சியாளர் வந்து நின்றார்.

"நானும் எவ்வளவோ உற்சாகப்படுத்திப் பார்த்தேன் சார்," என்றான் தம்பி, இரைத்துக்கொண்டே. "அக்காவால இவ்வளவுதான் முடியுது."

அவர் குரல் அவள் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கம்மா," என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். வேறொருவன் கயிற்றைப் பிடித்த பிறகு, விடிந்தால் தம்பி எதற்கு வரப்போகிறான்?

"அவன் சொல்றது சரிதான் சார். எனக்கு இவ்வளவுதான்."

பயிற்சியாளர் திரும்பி நடந்தார். அவருடைய காலடி விலகிப் போனது.

தம்பி எழுந்து, ஆதரவாக அவள் தோளைத் தட்டினான்.

"விடுக்கா. கண்ணு தெரியாம இவ்வளவு தூரம் ஓடினதே பெரிய விஷயம்."

ஊரே அவளிடம் சொல்கிற சொல் அது. அவன் ஒருவன்தான் இதுவரை சொல்லாமல் இருந்தான்.