ராமாயியின் சாட்சி

சாட்சிக் கூண்டில் ஏறிய ராமாயி கட்டையைத் தடவிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததுமே நெடுமாறன் கையிலிருந்த கேஸ் கட்டுக்குள் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் எழுந்தால் சாட்சிகளுக்குத்தான் வியர்க்கும். கொலை வழக்கென்றால் நாகப்பட்டினத்திலிருந்துகூட அவரைத் தேடித் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அவர் குறுக்கு விசாரணை செய்கிற நாளில் ஜூனியர்கள் பின்வரிசையில் முன்கூட்டியே இடம் பிடிப்பார்கள். இன்றும் பிடித்திருந்தார்கள்.

ராமாயி அவருடைய தெருக்காரி. அவர் அம்மாவோடு ஒரே வயலில் நாற்று நட்டவள். வாய்க்கால் மதகில் நடந்த தண்ணீர்த் தகராறில் அவள் தம்பி மருதையன் வெட்டுப்பட்டுச் செத்தான். குற்றம் சாட்டப்பட்டவன் ரைஸ்மில்காரர் மகன் பாஸ்கர், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன், நெடுமாறனின் கட்சிக்காரன். ஜாமீனில் இருந்தான், பாஸ்போர்ட் மட்டும் கோர்ட்டில் கிடந்தது. கண்ணால் பார்த்தவள் ராமாயி ஒருத்திதான்.

"நீ செய்தாயா" என்று எந்தக் கட்சிக்காரரிடமும் நெடுமாறன் கேட்டதில்லை. பாஸ்கரிடமும் கேட்கவில்லை. சாட்சிப் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்த அன்றே கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், தன் ஆட்களென்றால் பின்வாங்குகிற வக்கீல் என்பார்கள். அந்தப் பேச்சுக்குக் கோட்டு மாட்டிய முதல் நாளிலிருந்தே அவர் பயந்தார்.

அரசு வக்கீல் உட்கார்ந்தார். நெடுமாறன் எழுந்தார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிறாயா என்று அவள் கேட்டிருந்தாள். சரியென்றவர் வேலை நெருக்கடியில் மறந்துபோயிருந்தார்.

"உங்க கண்ணுல புரை இருக்காம்மா?"

"இருக்கு தம்பி. உனக்குத்தான் தெரியுமே."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நெடுமாறன் நிறுத்தவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி, அது யாரென்று கேட்டார். ராமாயி கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றாள். அது அவள் மகள் அம்சம். சம்பவத்தன்று பொழுது சாய்ந்திருந்ததா என்றதற்கு ஆமாம் என்றாள். அவ்வளவுதான். பின்வரிசையில் பேனாக்கள் ஓடின. நெடுமாறன் உட்கார்ந்தார்.

இடைவேளையில் அவர் குரலை வைத்து ராமாயி தேடி வந்து கையைப் பிடித்தாள். அம்சம் அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

"மொதல்ல அந்த வக்கீலு கேக்கறப்ப நாக்கே ஒட்டிக்கிச்சு. நீ எந்திரிச்சதும்தான் தைரியம் வந்துச்சு. நான் சொன்னது சரிதானே தம்பி?"

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வாசல்வரை அழைத்து வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் மில்காரரின் கார் நின்றது. அதில் சாய்ந்திருந்த நாலைந்து பேரில் ஒருவன் பிரிந்து, வெயிலில் சாலையைக் கடந்து வந்தான்.

ராமாயியின் விரல்கள் இறுகின.

"வர்றது அவன்தான்," என்றாள் தணிந்த குரலில். "ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டு வர்றான் பாரு. அன்னிக்கும் மதகுலேருந்து அப்படித்தான் வந்தான்."

நெடுமாறன் பார்த்தார். கும்பகோணம் பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு நகர்ந்தது. பாஸ்கர் சிரித்துக்கொண்டே, குலுக்குவதற்குக் கையை நீட்டியபடி நெருங்கினான். நெடுமாறனின் வலது கை ராமாயியின் பிடியில் இருந்தது.