கண்ணுக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று

என் அண்ணன் காசிலிங்கத்துக்குக் கோபம் வந்தால் போனில் பேச மாட்டார், நேரில் வந்துவிடுவார். அன்று காலையும் பாகூரிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு சேதராப்பட்டில் எங்கள் ஆய்வுக்கூட வாசலுக்கே வந்து நின்றார்.

"குழலி, பாதி வாழை மஞ்சளாயிடுச்சு. மருந்த கையில வச்சிக்கினு தரமாட்டேன்னா என்னா அர்த்தம்?"

"உள்ள வாண்ணா. மீதிய அப்புறம் கத்திக்கலாம்."

வாழையை வாடவைக்கும் பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஒன்றை நாங்கள் உருவாக்கியிருந்தோம். அதை அண்ணன் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்க முதலாளி சந்திரமோகன் துடித்தார். குறுக்கே நின்றவள் நான்தான். அதே மருந்து, மனிதர் கண்ணைக் கெடுக்கும் பூஞ்சையையும் கொன்றது. இரண்டு பூஞ்சையும் ஒரே குடும்பம். மண்ணில் கொட்டினால் பூஞ்சை அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அது யார் கண்ணுக்குள் போனாலும் சொட்டு மருந்து வெறும் தண்ணீர்தான்.

வாழைச் சருகு கீறிய இடத்தில் அந்தப் பூஞ்சை தொற்றி, எந்த மருந்துக்கும் அடங்காமல் அண்ணனின் வலது கண் போயிருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அதனால் காரணத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. திட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வாழைக்கென்று வேறொரு மருந்தைத் தயாரித்தேன். அதற்குப் பழகித் தப்பிய பூஞ்சையையும் முதல் மருந்து, அதாவது கண் மருந்து, கொல்கிறதா என்று பார்க்க, அந்த மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் அதை வைத்திருந்தோம். அங்கேயும் அது வளர்ந்திருந்தால் என் உழைப்பு குப்பைக்கு, முதல் மருந்து தோட்டத்துக்கு. முதலாளி கொடுத்த கெடு அன்றோடு முடிந்தது.

அண்ணன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க, என்னோடு வேலை பார்க்கும் அபி தட்டை எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணுமே வளரல!"

குதித்தே விட்டேன். உடனே சந்தேகம் வந்தது. எங்கள் வேலையில் சுத்தமான தட்டை நம்பக் கூடாது. பூஞ்சையை வைக்க மறந்தாலும் தட்டு அப்படித்தான் இருக்கும்.

"மருந்து கலக்காத தட்ட எடு, சீக்கிரம்!"

அதில் அதே பூஞ்சை மூடியை முட்டிக்கொண்டு பஞ்சு பஞ்சாக வளர்ந்திருந்தது. இவ்வளவு அழகான பூஞ்சையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை! அபியைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் முதலாளி ஓடிவந்தார். இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிம்மா, நீ ஜெயிச்ச. ரெண்டாவது மருந்தையே தோட்டத்துக்கு எடுத்துக்குனு போ."

வெளியே பாய்ந்தேன். "அண்ணா, வாழைக்கு மருந்து வருது! இது வேற. மொதல் மருந்து கண்ணுக்கு. சொட்டு மருந்தா கடைக்கு வர இன்னும் வருஷக்கணக்காகும். அதுல ஒரு துளிகூட மண்ணுல விழ விடமாட்டேன். மண்ணுல இருக்கற பூஞ்சை அதுக்குப் பழகிட்டா, அப்புறம் கண்ணுக்குக் கேக்காது."

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். என் எதிரில் அவர் அதைக் கழற்றி வெகுகாலம் ஆகிறது.

"அப்ப, மிச்சம் இருக்கற இந்த ஒத்தக் கண்ணுக்காகவா எங்கிட்ட இவ்ளோ திட்டு வாங்கின?"

"பின்ன, உன் வாழைக்காகவா?" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.